வாசலில் நிற்பவர்

எச்செயலைத் தொடங்கினும் விநாயகரை வணங்கித் தொடங்குதல் நம் மரபு. இடையூறு நேரலாகாது என்பதே அவ்வேளையில் நாம் வைக்கும் வேண்டுதல். ஆனால் விக்கினேசுவரர் என்றால் விக்கினங்களுக்குத் தலைவர் என்று பொருள். அவற்றை நீக்க வல்லவர் வைக்கவும் வல்லவர். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சையே முறித்தவர் அவர் என்பது அச்சிறுபாக்கத்துத் தல வரலாறு. இப்பிற்பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஞாயிறு காலை. வாரம் முழுதும் கிட்டாத ஓய்வில் நீராடி, பூசைக்கு அமர்ந்து, தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ விரித்த கணத்தில் அழைப்பு மணி ஒலிக்கிறது. ஊரிலிருந்து ஒருவர், நோயுற்ற தாயாரைத் தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையில் காட்ட அழைத்து வந்திருக்கிறார். இந்தி தெரியாது. யாரோ தந்த நம் முகவரி மட்டும் கையில் இருக்கிறது. தில்லித் தமிழ்க் குடும்பங்களுள் இக்காட்சியை அறியாதது அரிது. நூலை மூடி எழும்போது நம் முகத்தில் ஒரு சுருக்கம் தோன்றுகிறதே, அதைப் பற்றியே இக்கட்டுரை. பக்திக்கு இடையூறு வந்துவிட்டதாக அச்சுருக்கம் கூறுகிறது.

சேக்கிழார் காட்டும் இளையான்குடி மாறனாரை எண்ணிப் பார்ப்போம். செல்வமெல்லாம் கரைந்த நிலை. மழை பொழியும் இரவு. கணவனும் மனைவியும் உணவின்றி இருக்கும் வீட்டுக்கு அடியார் ஒருவர் வருகிறார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருளில் வயலுக்குச் சென்று, அன்று பகல் விதைத்த நெல்லையே வாரி வருகிறார். விறகுக்குக் கூரை மரம். கறிக்குக் குழியில் முளைத்த கீரை. விதைத்த நெல் என்பது அக்குடும்பத்தின் அடுத்த போகம். அவர்கள் வருங்காலத்திற்கென்று வகுத்த திட்டம் முழுவதும் அதுவே. அதை அள்ளி வரும்படி யோசனை கூறியவர் மனைவியார் என்பதும் கவனிக்கத் தக்கது. விருந்தோம்பலைப் புகழ்ந்து பேசும் நாம், உலை வைப்பவரைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஆனால் கதவு தட்டப்படும் போதெல்லாம் விதைநெல்லை அள்ள இயலுமா? வேண்டுவதில்லை என்பதற்குப் பண்டரிபுரத்தில் சான்று இருக்கிறது. புண்டலீகர் தம் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது கண்ணபிரானே வாசலில் வந்து நின்றார் என்பது மராட்டிய நாடு போற்றும் கதை. புண்டலீகர் எழவில்லை. பணி முடியும் வரை நிற்பதற்கு ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டார்.

ஒருவர் எழுந்தார், மற்றவர் எழவில்லை. இருவரையும் அடியார் என்று போற்றுவது முரண் அன்றோ? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மாறனாரிடம் வந்தவருக்குப் பசி, அது காத்திராது. புண்டலீகரிடமோ, முதிர்ந்த பெற்றோர்தாம் காத்திருக்க இயலாதவர். வாசலில் நின்றவரால் காத்திருக்க முடியும். காத்திருக்க இயலாதவர் யார் என்பதைக் கொண்டே இருவரும் முடிவு செய்தனர். தம் திட்டம் என்னாகும் என்ற கேள்வி அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இக்கணக்கின்படி, பூசையின் நடுவே ஒலிக்கும் கைப்பேசிச் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் எழ வேண்டியதில்லை. நோயுற்ற தாயுடன் நிற்பவருக்கு எழத்தான் வேண்டும்; நூலில் உள்ள தெய்வம் காத்திருக்கும். இடைப்பட்டவைதாம் கடினம்: ஐயம் கேட்க வரும் பிள்ளை, கைமாற்று கேட்க வரும் அண்டை வீட்டார், அலுவலக மேசைமுன் மனுவோடு நிற்கும் முதியவர். கோப்பிலிருந்து தலை நிமிராமல் 'நாளை வாருங்கள்' என்பது ஒருவகை. 'சற்று அமருங்கள், இதை முடித்துவிடுகிறேன்' என்று நாற்காலியைக் காட்டுவது வேறுவகை. இரண்டிலும் கைவேலை நிற்பதில்லை. புண்டலீகர் போட்ட செங்கல் அந்த நாற்காலிதான்.

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் பல்லாயிரவர் மழையில் ஏறத்தாழ மூன்று வாரம் நடந்து பண்டரிபுரம் சேர்கின்றனர். அங்கே பீமா நதிக்கரையில் அவர்கள் காண்பது, இடுப்பில் கைகளை வைத்துக்கொண்டு அந்தச் செங்கல்லின் மேல் இன்னும் நின்றுகொண்டிருப்பவரைத்தான்.