கட்டிலில் இருப்பவரின் புகார்

வீட்டுக்கு வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிய புகார்கள் எங்கே கேட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. லேட்டா வர்றாங்க. எப்பப் பாத்தாலும் கையில போன். சொல்லாம லீவு. பழகினதும் வேற ஆளை மாத்திடுறாங்க. பணம் மட்டும் ஒண்ணாந்தேதி கரெக்டா கேக்குறாங்க. தவளக்குப்பத்தில் எங்கள் தெருவிலும், நண்பர்கள் வீட்டிலும், கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நியாயமான புகார்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட கட்டிலில் படுத்திருப்பவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்கிறவர்கள் எல்லாரும் பணம் கட்டுகிறவர்கள். பராமரிப்பு யாருக்கு நடக்கிறதோ, அவருடைய புகார் எங்கே போகிறது?

எங்கள் ஊர் புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், சுண்ணாம்பாற்றைத் தாண்டி இருக்கிறது. வடக்கே போனால் ஜிப்மர், தெற்கே கிருமாம்பாக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பிரான்சில் இருக்கிறார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா. இடுப்பெலும்பு முறிந்தவரையும் பக்கவாதம் வந்தவரையும் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்து, "இனிமே வீட்லயே பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அன்று முதல் வீடு ஒரு வார்டு ஆகிவிடுகிறது. கேஸ் ஷீட் கிடையாது, ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கிடையாது. வருகிற பெண்ணை எல்லாரும் "ஹோம் நர்ஸ்" என்கிறோம். நர்ஸிங் படித்தவர்களும் வருவதுண்டு. எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு வந்தவர்களில் பலர் சில வாரப் பயிற்சியோடும், சிலர் அதுவும் இல்லாமலும் வந்தவர்கள். நர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வரும் நிம்மதிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம்.

என் பெரியம்மா ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார். ஒரு நிறுவனம் மூலம் ஆள் ஏற்பாடு செய்தார். ஒரே வருடத்தில் ஐந்து பேர் மாறினார்கள். நிறுவனத்தின் மொழியில் அதற்கு ரீப்ளேஸ்மென்ட் என்று பெயர். பெரியம்மாவுக்கு அது ஐந்து புது மனுஷிகள் முன்னால் ஐந்து முறை முதன்முதலாக உடை அவிழ்ப்பது. அக்காவுக்குச் சந்தேகம் தாளாமல் அறையில் கேமரா மாட்டச் சொன்னார். முகம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவின் புகார்ப் பட்டியல் துல்லியமானது: எத்தனை மணிக்குக் கஞ்சி கொடுத்தார்கள், எத்தனை நிமிஷம் போன் பேசினார்கள்.

பெரியம்மாவிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் பாத்துக்குது." ஒரு நாள் பார்த்துக்கொள்கிற அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், போனும் மணியடிக்காத நேரம், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முன்னல்லாம் படுத்தபடியே தெரு தெரியும்டா. யார் வராங்க போறாங்கன்னு பாத்துக்கிட்டிருப்பேன். இப்ப செவுருதான்." அக்காகிட்ட சொல்லலாமே என்றேன். "எனக்காகத்தான அவ்ளோ செலவு பண்ணுறா? சொன்னா மனசு கஷ்டப்படுவா. இந்தப் பொண்ணு மேல கோவப்பட்டு அதையும் நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவருக்கு நடந்த குறையை உண்டாக்கியது வேலைக்கு வந்தவர் அல்ல. தரத்தைக் கண்காணிக்க வைத்த கருவி. அது எந்தப் புகார்ப் பட்டியலிலும் வந்திருக்காது. அக்காவிடம் நான் பேசினேன். கட்டில் பழையபடி திரும்பியது. இப்போது கேமராவில் பெரியம்மாவின் தலைமுடி மட்டும் தெரிகிறது. அக்காவுக்கு அதில் வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஹோட்டலில் சாம்பார் ஊசியிருந்தால் சத்தம் போடலாம், எழுந்து வேறு கடைக்குப் போகலாம். புகார் சொல்வதற்கு வாய் மட்டும் போதாது. எழுந்து போக முடியும் என்ற தைரியமும் வேண்டும். எழுந்து போக முடியாதவர் தன்னைக் குளிப்பாட்டும் கையைக் குறை சொன்னால், நாளை காலை அதே கை வர வேண்டும், அல்லது வராமலே போய்விடும். அதனால் அவர் நன்றி சொல்கிறார். அந்த நன்றியை நாம் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் இந்த இடத்தில் எப்படி நிற்கிறது? மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை வாங்கித் தருவதைப் பேசுகிறது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற யோசனை 2019 டிசம்பரில் வந்த திருத்த மசோதாவில் இருந்தது. அது நிறைவேறாமல் 2024-இல் மக்களவைக் காலத்தோடு காலாவதியாகிவிட்டது. மிஞ்சுவது நுகர்வோர் சட்டம். அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். ஆக, பெரியம்மாவும் நுகர்வோர். ஆனால் "தனிப்பட்ட பணி ஒப்பந்தம்", அதாவது முதலாளி–வேலையாள் உறவு, அந்தச் சட்டத்துக்குள் வராது. மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. நிறுவனம் வழியாக ஆள் எடுத்தால் வழக்குப் போட இடமிருக்கிறது. தெரிந்தவர் மூலம் நாமே ஒருவரை அமர்த்திக்கொண்டால் அந்த வழி இல்லை. சரி, வழக்கே போட்டாலும், "தெரு தெரியவில்லை" என்பதை எந்த மனுவில் எழுதுவது?

சட்டமும் ஆய்வாளர்களும் இருக்கிற ஊரிலும் இந்த மௌனம் இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பைச் சோதிக்கும் ஆணையம் 2009-லிருந்து இயங்குகிறது. 2011-இல் மனித உரிமை ஆணையம் ஒன்று அங்கே இந்தச் சேவைகளை விசாரித்தது. பல முதியவர்கள் புகார் சொல்லத் தயங்கியதை அது பதிவுசெய்தது. பின்விளைவைப் பற்றிய பயம் ஒரு காரணம். வேலை செய்கிறவர் மாட்டிக்கொள்வாரே என்ற கரிசனம் இன்னொன்று. பெரியம்மாவின் இரண்டு காரணங்களும் ஏறக்குறைய இவைதான். இதனால் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் கதவைத் திறந்து வைக்கும்; கட்டிலில் இருப்பவரை அந்தக் கதவு வரை கொண்டுபோவது வேறு வேலை.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஜோன் ட்ரோண்டோ 1993-இல் எழுதிய நூலில் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்: தேவையைக் கவனிப்பது, பொறுப்பு எடுப்பது, செய்வது, பெறுவது. கடைசிக் கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெறுகிறவரின் எதிர்வினையைக் கேட்காதவரை பராமரிப்பு முடிந்ததாகவே ஆகாது. பணம் அனுப்பியதும், ஆள் வந்ததும், கஞ்சி கொடுத்ததும் மூன்று கட்டம்தான்.

"நினைவு தப்பினவங்ககிட்ட என்னத்தக் கேக்குறது?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. வாய் பேசாதபோது உடம்பு பேசும். குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் கை இறுகுவது, ஒருவர் ஊட்டினால் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பது, முதுகில் சிவந்துவரும் படுக்கைப் புண், எல்லாமே புகார்தான். அதைப் படிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். கேமராவால் அது முழுதாக முடியாது.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். பெரியம்மாவைப் பார்த்துக்கொள்கிற அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கிறார், இரவில் மூன்று முறை எழுகிறார். அக்கா கட்டும் தொகை ஒன்று, அவர் கைக்கு வரும் தொகை வேறொன்று. அவருக்கும் புகார் இருக்கும். 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், "வயசானவரு, தெரியாமப் பண்ணிட்டாரு, விடும்மா" என்று வீட்டார் சொல்லிவிட்டால், குழு இருப்பதே அவருக்குத் தெரியப்போவதில்லை. தன் வலியைச் சொல்ல வழியில்லாத ஒருவரிடம் இன்னொருவரின் வலியைக் கேட்கச் சொல்கிறோம். அது அதிக நாள் நடக்காது.

பணம் கட்டுகிறவர் கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்கட்டும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் மகளின் பயமும் நிஜம்தான். ஆனால் அவருடைய புகார் மூன்றில் ஒன்று. அதை மட்டும் தரம் என்று எடுத்துக்கொண்டால், கஞ்சி நேரத்துக்கு வரும், சுவர்தான் தெரியும்.

என்னால் சொல்ல முடிவது சின்ன விஷயங்கள். படுத்திருப்பவரிடம் தனியாகப் பேச வாரத்தில் ஒரு அரைமணி நேரம். பணம் கட்டுகிறவரும் வேலை செய்கிறவரும் பக்கத்தில் இல்லாத அரைமணி. "நல்லாப் பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எப்போ எரிச்சலா இருந்துச்சு?" என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்குறுதி: நீங்க சொல்றதுக்காக யாரையும் உடனே நிறுத்திட மாட்டோம். பார்த்துக்கொள்கிறவரிடமும் இதே கேள்வியை, இதே வாக்குறுதியோடு. பக்கத்துத் தெருவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் படுத்திருந்தால், அந்த அரைமணி நேரத்தை நீங்களும் கொடுக்கலாம். உறவுக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.