அடுத்தவர் வயலில் விளைந்த கதை

1982-இல் ‘ராக்கி 3’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த டிமோதி ஆண்டர்சன் என்ற எழுத்தாளர், அடுத்த பாகத்துக்கான கதையை 31 பக்கங்களில் எழுதினார். யாரும் கேட்டு எழுதியதல்ல. 1985-இல் சில்வஸ்டர் ஸ்டாலோனின் ‘ராக்கி 4’ வந்தது. அது தன்னுடைய கதை என்று ஆண்டர்சன் வழக்குப் போட்டார். கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1989-இல் கறாராகச் சொல்லிவிட்டது: ராக்கி ஸ்டாலோனின் பாத்திரம், அனுமதியின்றி அதை வைத்து எழுதிய கதையில் எந்தப் பகுதிக்கும் பதிப்புரிமை இல்லை. (இரண்டு கதைகளும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.)

சட்டத்துக்கு வேலை முடிந்தது. ஆனால் ஒரு ரசிகை எழுதிய கதையை வேறொருவர் எடுத்து, பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றித் தன் நாவலாக விற்றால், களவு போனது யாருடைய பொருள்?

உழைப்பைக் கலந்தவருக்கே உடைமை என்றார் 17-ஆம் நூற்றாண்டின் தத்துவவாதி ஜான் லாக். அவர் மனத்தில் இருந்தது பொதுநிலம். ரசிகை உழுததோ வேலி போட்ட வயல். அதனால் என்ன? “என்னைக் கேட்காமல் ஏன் விதைத்தாய்?” என்று நிலத்துக்காரர் கேட்கலாம். இரவோடு இரவாகக் கதிரை அறுத்துப் போனவன் கேட்க முடியுமா?

உடைமையை மட்டும் பிடித்துக்கொண்டால் இதற்குமேல் நகர முடியாது. நன்னூல் முதல், வழி, சார்பு என்று நூல்களை வகுக்கிறது. முன்னோர் நூலைப் பின்பற்றும் வழிநூலாக இருப்பதில் இழுக்கில்லை. வடமொழியில் இராமகதை செய்த மூவருள் முதல்வரைப் பின்பற்றியதாகக் கம்பர் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார். ரசிகர் கதையும் அப்படித்தான், யாருடைய உலகம் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பெயர்களை மாற்றி விற்பவர் அழிப்பது அந்தத் தடத்தைத்தான். வள்ளுவர் கள்ளாமையை 29-ஆம் அதிகாரத்திலும் வாய்மையை 30-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இந்த ஆள் இரண்டையும் ஒரே மூச்சில் மீறுகிறார். பறிகொடுத்தவரிடம் களவு, வாசகரிடம் பொய். முதலாவதற்குச் சட்டம் கைவிரித்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கிறது.

பறிகொடுத்தவரின் வலியை அறிந்தவர் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ். ‘டான் குவிக்ஸாட்’ முதல் பாகம் 1605-இல் வந்தது. அவர் இரண்டாம் பாகத்தை முடிப்பதற்குள், 1614-இல் அவெல்லனேடா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் தொடர்ச்சியை அச்சிட்டுவிட்டார், முன்னுரையில் செர்வாண்டிஸைக் கேலியும் செய்து. மறுவருடம் வந்த உண்மையான இரண்டாம் பாகத்தில் செர்வாண்டிஸ் பதிலுக்கு அந்தப் புத்தகத்திலிருந்தே டான் ஆல்வாரோ டார்ஃபே என்ற பாத்திரத்தைத் தூக்கி வந்தார். எந்தப் புத்தகத்து ஆள் என்பதை மறைக்கவுமில்லை. தான் முன்பு பழகிய குவிக்ஸாட் இவரல்ல என்று ஊர் அதிகாரி முன்னால் டார்ஃபேயைச் சத்தியம் செய்ய வைத்தார்.