சாலை போட்டவரும் நிலம் கொடுத்தவரும்

சத்தியவேட்டுக்கும் தடாவுக்கும் இடையே, சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீ சிட்டி. 2008 ஆகஸ்டில் தொடங்கிய தொழில் நகரம். நிலத்தை ஆந்திர அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் கையகப்படுத்திக் கொடுத்தது. சாலை, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. ஆலை வைக்க வருபவர்கள் நிலத்துக்குத் தரும் பணமும் பராமரிப்புக் கட்டணமும் அந்த வேலையை நடத்துகின்றன. இசுசு வண்டியும் அல்ஸ்டாமின் மெட்ரோ ரயில் பெட்டியும் டைகின் ஏசியும் இன்று அங்கே தயாராகின்றன.

அதே வட்டாரத்தின் வழியாகத்தான் கிருஷ்ணா கால்வாயும் போகிறது. சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டிஎம்சி விட்டுத்தர 1976-இல் ஒப்பின. 1983-இல் எம்.ஜி.ஆர். காலத்துத் தமிழகமும் என்.டி.ஆர். காலத்து ஆந்திரமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பூண்டிக்குத் தண்ணீர் வந்தது 1996 செப்டம்பரில். எம்.ஜி.ஆர். மறைந்து எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது, என்.டி.ஆர். அதே ஆண்டு ஜனவரியில் போய்ச் சேர்ந்திருந்தார். வந்ததும் வழியில் மண் குடித்தது போக மிச்சம்தான். பின்னர் சத்ய சாய் அறக்கட்டளை பணம் போட்டுக் கால்வாயைச் சீரமைத்த பிறகே ஓட்டம் தேறியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், அரசு இழுத்தடிக்கும், தனியார் முடித்துக் காட்டுவார் என்ற தீர்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேகத்தைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. ஆனால் கால்வாய் தாமதமானபோது ஏன் என்று கேட்கச் சென்னைவாசிக்குச் சட்டமன்றம் இருந்தது, தேர்தல் இருந்தது. தொழில் நகரத்தில் தெருவிளக்கு எரியாவிட்டால் கட்டணம் கட்டும் ஆலை கேட்கும், உடனே பதிலும் வரும். மதிலுக்கு வெளியே இருக்கும், ஒரு காலத்தில் அந்த இடத்தில் பயிர் வைத்த குடும்பம் எந்த உரிமையில் கேட்பது?

அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது நேர்மையான வாதம் ஆகாது. மிச்சமிருந்த நிலத்தின் விலை ஏறியது. வேலை வந்தது, குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் வேலையும் விலையும் இழப்புக்கு ஈடு. முடிவெடுப்பதில் பங்கு என்பது வேறு. ஒரு சாலையை நாலடி உயர்த்தினால் ஐப்பசி மழையில் எந்த ஏரி நிரம்பும், எந்தத் தெரு மூழ்கும் என்பதே மாறிவிடும். ஐம்பது ஆண்டுக்கான அந்தத் தீர்மானத்தைக் கட்டணம் கட்டும் ஆலைகள் மட்டும் எடுப்பது சரியா? (தங்களைப் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்படுவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, சத்தியவேட்டுப் பக்கம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது.)

ஊரை நிறுவனமே நடத்துவதற்கு நமது அரசியலமைப்பே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நகராட்சிப் பணிகளைத் தொழில் நிறுவனம் செய்யும் இடத்தைத் தொழில் நகரியம் என்று ஆளுநர் அறிவித்துவிட்டால் அங்கே நகராட்சி அமைக்காமலே இருக்கலாம் என்கிறது பிரிவு 243க்யூ. ஜாம்ஷெட்பூரில் எஃகு நிறுவனம்தான் தலைமுறைகளாக ஊரைப் பார்த்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறதே, கவுன்சிலர் எதற்கு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் நகராட்சிகள் அந்தக் கேள்விக்கு நிறையவே காரணம் கொடுத்திருக்கின்றன.

சம்மதம் கேட்காமல் ஏற்றப்படும் சுமை என்ற வகையில் கடனையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குப் பெரும்பகுதிப் பணம் ஜப்பானின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா தந்த கடன். திருப்பிக் கட்டப்போகும் பிள்ளைகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் அந்த ரயிலில் ஏறுவார்கள். சுமையும் பயனும் ஒரே தோளில் விழுகின்றன, அதனால் அறம் ஓரளவு நிற்கிறது. நிலம் கொடுத்தவரின் பேரனுக்குச் சுமை உறுதி. பயன் வேலைக்கு எடுப்பவரின் விருப்பம்.

2013-இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியாருக்கு நிலம் எடுக்க 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்றது. அதற்கு முன்பிருந்த 1894 சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். என்றாலும் அந்தச் சம்மதம் ஒரே ஒரு முறை, முதல் நாளில் கேட்கப்படுவது. ஊர்க்கூட்டம் எப்போது வேண்டுமானாலும் திட்டத்தைக் கலைக்கலாம் என்றால் எவரும் முதல் போட மாட்டார்கள். இந்த எதிர்வாதம் வலுவானது. தடுக்கும் அதிகாரம் வேண்டாம். அடுத்த முப்பது ஆண்டுக்கான தண்ணீர்த் திட்டமும் வடிகால் வரைபடமும் மேசைக்கு வரும்போது, சுற்றுப் பஞ்சாயத்துகள் அந்த மேசையில் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கவும், மறுப்பைப் பதிவு செய்யவும், எழுத்தில் பதில் பெறவும் வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு வட்டச் சாலையின் பூச்செடிகளுக்கு ஆவதைவிட அதிகமிருக்காது.