புகைபோக்கியும் பாலமும்

என்னிடமிருந்த ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர் அதைச் சலிப்போடு மூடி வைத்தார். "மலை இருக்கிறது, கடல் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மில் புகைபோக்கியையும் ரயில் பாலத்தையும் போய் ஒருவன் எழுதுவானா?" என்றார்.

அவை எல்.எஸ். லௌரி என்ற ஆங்கில ஓவியரின் படங்கள். 1909-ல் பணமுடை காரணமாக அவர் குடும்பம் மான்செஸ்டருக்கு அருகே பெண்டில்பரி என்ற ஆலைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. முதலில் அந்த இடம் லௌரிக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. வருஷங்கள் சென்றன, வெறுத்த தெருக்களே அவரைப் பற்றிக்கொண்டன. ஆலைகளையும், விளக்குக் கம்பங்களையும், அவற்றினடியில் குச்சி குச்சியாய் விரையும் மனிதர்களையும் எழுதித் தீர்த்தார். ஸ்டாக்போர்ட் நகரத்து ரயில் பாலம் அவருடைய கற்பனை ஊர்ப் படங்களில்கூட வந்து நிற்கும்.

ஜீவனத்துக்கு அவர் செய்தது வீட்டு வாடகை வசூல். 1952-ல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. இரவில், படுத்த படுக்கையாகிவிட்ட தாயார் உறங்கிய பிறகுதான் தூரிகையைத் தொடுவார்.

இங்கே ஒரு தர்மசங்கடமான கேள்வி எழுகிறது. புகையில் இருமுகிறவன் ஒருவன். அந்தப் புகையில் தன் தனிமையைக் கண்டு படமாக்குகிறவன் வேறொருவன். பிறருடைய பாட்டில் தன் வாழ்வுக்கு அர்த்தம் தேடுவது நியாயமா? கதை எழுதிப் பிழைக்கும் என்னையும் உறுத்துகிற கேள்விதான் இது.

வழிப்போக்கனாக வந்து, "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது என்றே நினைக்கிறேன். லௌரி வழிப்போக்கரல்ல. 1948 வரை அதே ஊரில் வாழ்ந்தார். வாடகை கேட்டுக் கதவைத் தட்டுகிறவரை யாரும் விருந்தாளியாக வரவேற்பதில்லை. அந்தக் கசப்பும் அவர் பங்குக்கு வந்திருக்கும். தாம் கண்டதை அவர் அழகுபடுத்தவில்லை, சபிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம்மைச் சுமப்பவற்றை நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 1840-ல் கட்டி முடித்த அந்த ஸ்டாக்போர்ட் பாலத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் செங்கற்கள் இருக்கின்றன. அவற்றை அடுக்கிய கைகளுக்கு உரியவர்களின் பெயரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மலையையும் கடலையும் கடவுள் பார்த்துக்கொள்வார். அந்தக் கைகளின் வேலையை மனிதன்தான் பார்க்க வேண்டும்.