பூமி தட்டையா? மார்க்கத்தின் பெயரால் ஒரு வீண் வாதம்

 



சில வாரங்களுக்கு முன் மஃரிபு தொழுகை முடித்துப் பள்ளிவாசலில் நாம் அமர்ந்திருந்தபோது ஒரு சிறுவன் தன் தாய்மாமனுடன் வந்து ஸலாம் கூறினான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை. மாமா தம் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். பூமி தட்டை என்றே குர்ஆன் கூறுகிறது, உருண்டை என்பவன் ஈமானை இழந்தான் என்று அதில் ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "இவன் பள்ளிக்கூடப் புத்தகத்தைத்தான் நம்புகிறான், ஹஸ்ரத். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் மாமா. பிள்ளை தலையைக் குனிந்தபடி கேட்டான்: "ஹஸ்ரத், புத்தகம் சரியென்றால் குர்ஆன் தவறாகிவிடுமா?"

அந்தக் கேள்வி நம்மை நடுங்க வைத்தது. பூமியின் வடிவம் என்னவென்று கப்ரில் எவரும் நம்மிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் ஈமானை இப்படி ஒரு தராசில் தூக்கி வைத்தவர்கள் யாரென்று கேட்கப்படலாம். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திருக்குர்ஆனின் 88-வது அத்தியாயத்தில் ஒட்டகத்தையும், வானத்தையும், மலைகளையும், பரப்பி வைக்கப்பட்டுள்ள பூமியையும் சிந்தித்துப் பார்க்குமாறு அல்லாஹ் அழைக்கின்றான். 71-வது அத்தியாயத்திலோ பூமி நமக்கு விரிப்பாக ஆக்கப்பட்டது நினைவூட்டப்படுகிறது. பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் அமர்ந்திருப்பவன் தன் கண்ணால் காண்பதைச் சொல்லி, படைத்தவனை நினைக்கச் செய்யும் வசனங்கள் இவை. நடக்கவும் உழவும் உறங்கவும் ஏற்றதாகப் பூமி விரிந்து கிடக்கிறதே, அந்த அருட்கொடையே இங்கு பேச்சு. இமாம் பக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 606) தம் தப்ஸீரில் இதைத் தெளிவாக்குகிறார்கள்: உருண்டை மிகப் பெரிதாக இருந்தால் அதன் ஒவ்வொரு பகுதியும் தட்டையாகவே தோன்றும், ஆகவே பூமி விரிக்கப்பட்டது என்பதும் அது உருண்டை என்பதும் முரணல்ல.

மத்ரஸாவில் ஓதியவர்கள் இங்கே குறுக்கிடலாம். தப்ஸீர் ஜலாலைனில் இமாம் ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 864) 88-வது அத்தியாயத்து வசனத்தின் வெளிப்படையான பொருள் பூமி தட்டை என்பதே என்றும், ஷரீஅத்தின் உலமாக்களின் கருத்து அதுவே என்றும் எழுதியிருக்கிறார்களே! ஆம், உஸ்தாதின் முன் அமர்ந்து நாமும் அந்த வரியை ஓதியவர்களே. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. வானநூலார் சொல்லும் உருண்டை வடிவம் ஷரீஅத்தின் எந்தத் தூணையும் முறித்து விடாது என்றும் அதன் இறுதியில் அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். தட்டை என்று கருதிய அந்தப் பெருந்தகைகூட மாற்றுக் கருத்தாளரை ஈமானிலிருந்து வெளியேற்றவில்லை. அவர்களுக்கு இருந்த பேணுதல் கைபேசியில் பேசுபவருக்கு இல்லை.

மேலும், அவர்களுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே குர்துபாவின் இப்னு ஹஸ்மு (வஃபாத் ஹிஜ்ரி 456), இமாம் என்ற பெயருக்குத் தகுதியான எவரும் பூமி உருண்டை என்பதை மறுத்ததில்லை என்று எழுதி வைத்தார்கள். பல விஷயங்களில் இவர்களோடு மாறுபடும் இப்னு தைமிய்யாவும் (வஃபாத் ஹிஜ்ரி 728) உருண்டை என்ற பக்கமே நின்றார்கள்.

இனி நம்முடைய இபாதத்தையே சாட்சிக்கு அழைப்போம்.

ஆண்டில் இரண்டு முறை சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. மே 28-ஐ ஒட்டி நம் நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 2.57-க்கும் அது நிகழ்கிறது. அந்த நிமிடத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலுக்கு எதிர்த்திசையில் திரும்பினால் அதுவே கிப்லா. இவ்வளவு எளிய அடையாளம்! ஆனால் அதே நிமிடத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழும் சகோதரர்களுக்குப் பின்னிரவு. பூமி ஒரு பலகையாக இருந்தால், பலகையின் மேல் எரியும் விளக்கு அதன் ஒரு மூலைக்கு மட்டும் எப்படி மறையும்?

துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். கன்னியாகுமரியில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 8 பாகை உயரத்திலேயே நிற்கிறது. மக்காவில் 21 பாகை. மதீனாவில் 24 பாகைக்கும் மேல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜாவாவில் வாழும் முஸ்லிம்களுக்கோ அது தென்படுவதே இல்லை. தட்டையான நிலமாயின் எல்லோரும் அதைக் கண்டிருப்பார்கள்.

நம் முன்னோர் இவற்றைக் கண்டு அஞ்சவில்லை. அல்பீரூனீ (ரஹ்) அவர்கள் இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே மலையேறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள். இன்று நாம் அறிந்துள்ள 6,371 கிலோமீட்டருக்கு மிக நெருங்கிய கணக்கு அது. அம்முறையை விளக்கும் அவர்களது நூலின் நோக்கங்களில் கஸ்னா நகரின் கிப்லாவை அறிவதும் ஒன்று.

இதற்கு எதிர்முனையில் ஒரு தவறும் உண்டு. 79-வது அத்தியாயத்திலுள்ள 'தஹாஹா' என்ற சொல்லுக்கு நெருப்புக்கோழி முட்டை என்று பொருள் கூறி, உருண்டை வடிவத்தை அதிலிருந்து எடுத்துக் காட்டுவோர் இருக்கின்றனர். அரபி மொழியில் அதன் பொருள் விரித்தான், பரப்பினான் என்பதே. நல்ல நோக்கத்துக்காகவும் இறைவசனத்தை வளைக்கக் கூடாது.

ஹிஜ்ரி 10-ல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவருடைய மரணத்துக்காகவே இது நிகழ்ந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். நபியவர்கள் மௌனமாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு அவர்களின் புகழை வளர்த்திருக்கும். ஆனால், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, மகனை இழந்த அந்தத் துயரிலும் மக்களைத் திருத்தினார்கள். மார்க்கத்துக்குப் பொய்யின் துணை வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று ஏது? இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும் கணக்கால் நிறுவப்பட்ட கிரகண விவரத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்று எச்சரித்தார்கள்.

2007-ல் மலேசியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, அந்நாட்டு உலமாக்கள் அப்பயணத்தை மறுத்து வாதாடவில்லை. அங்கே எப்படித் தொழுவது, எத்திசையை நோக்குவது என்று ஆராய்ந்து வழிகாட்டினார்கள். ஆலிம்களின் பணி அது.

அன்று அந்தப் பிள்ளையிடம் நாம் சொன்னோம்: "தம்பி, புத்தகமும் சரி, குர்ஆன் என்றும் சத்தியம். தவறியது குர்ஆன் அல்ல, அதை விளங்கிக்கொண்ட நம்மவர் சிலர்." மாமா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "மருமகனே, அந்தப் பாடத்தை நாளை எனக்கும் காட்டு" என்றார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூமியின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் நெற்றி ஸுஜூதில் படியட்டும்.

பயனுள்ள கல்வியையும் பணிவான உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததிகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.