பாய் வள்ளமும் திருவருட் காற்றும்

இயந்திரப் படகுகள் வருமுன்னர் யாழ்ப்பாணத்துத் தீவகக் கடலில் மக்களை ஏற்றி இறக்கியவை மரத்தாலான சிறு வள்ளங்களே. நயினை நாகபூசணி அம்பாளின் திருவிழாவுக்கும் அடியார்கள் பாய் விரித்த வள்ளங்களிலேயே சென்றனர். ஆழம் குறைந்த இடத்தில் கோல் ஊன்றுவர். ஆழத்தில் துடுப்பு வலிப்பர். காற்று எழுந்ததும் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றுவர்.

சோளகமோ வாடையோ எவரும் விலைகொடுத்து வாங்கியதல்ல, இறைவன் தருவது. அது எல்லா வள்ளங்களுக்கும் பொதுவாகவே வீசுகின்றது. ஆயினும் பாயைச் சுருட்டி வைத்தவனுக்கு அதனால் பயனில்லை. பாய் ஏற்றியவனும் சுக்கானை விட்டுவிட்டு உறங்க இயலாது. காற்று விழுந்தால் மீண்டும் துடுப்பெடுக்க வேண்டும். பெருங்காற்று அடித்தாலோ பாயைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தாத வள்ளம் கவிழ்ந்துவிடும்.

துடுப்பு மனித முயற்சி, பாய் பக்தி, காற்று திருவருள். பாயைத் தாழ்த்துவது, வாழ்வு பெருகும் காலத்தில் வேண்டிய பணிவு.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருக்கொள்ளம்பூதூருக்கு எழுந்தருளியபோது ஆற்றில் பெருவெள்ளம். ஓடக்காரர் ஓடங்களைக் கட்டிவிட்டுச் சென்றுவிட்டனர். பிள்ளையார் கரையில் நின்று வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஓடத்தின் கட்டை அவிழ்த்து, அடியார்களையும் ஏற்றித் தாமும் ஏறிப் பதிகம் பாடினார். ஓடம் அக்கரை சேர்ந்தது. சேர்த்தது திருவருள். ஆனால் கட்டை அவிழ்த்து ஏறியது பிள்ளையாரின் செயலன்றோ!

பரீட்சைக்கு முதல்நாள் அர்ச்சனை செய்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கும் மாணவன், காற்றை நம்பித் துடுப்பை எறிந்தவன். பிறநாட்டில் உழைத்துப் பொருள் சேர்த்து, "எல்லாம் எனது கெட்டித்தனம்" என்பவர், பாயைச் சுருட்டி வைத்தவர். முன்னவன் கரையை விட்டு நகரான். பின்னவர் நடுக்கடலில் கைசோர்ந்து நிற்பார்.

காற்று எப்போது எழும் என்பதை வள்ளக்காரன் அறியான். அதனால் பாயைக் கிழிசலின்றித் தைத்து ஆயத்தமாக வைத்திருப்பான். கொடியேறும் நாட்களில் மட்டும் கோயிலை நினைப்பவர் இதை எண்ணிப் பார்த்தல் நன்று. அன்றாடம் நெற்றியில் தரிக்கும் திருநீறும், நாவில் ஒலிக்கும் திருவைந்தெழுத்தும், மாலையில் வீட்டில் ஏற்றும் விளக்கும் அந்தப் பாயைத் தைக்கும் தையல்களாகும்.

கைகள் உழைப்பில் ஓயாமலும், உள்ளமாகிய பாய் சுருளாமலும் இருக்க, அடியார் அனைவரும் பிறவிக் கடல் கடந்து இறைவன் திருவடியாகிய கரை சேர்வார்களாக.

சுபம்.