தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

என் தங்கை மகளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ காலை 11 மணிக்கு என்று போட்டிருந்தார்கள். அன்று ஜூன் 10. அந்த வாரத்து வெள்ளி 13, அதற்கு அடுத்தது 20. இந்த வாரம் என்றால் ‘திஸ் ஃப்ரைடே’ என்றல்லவா எழுதியிருப்பார்கள் என்று நினைத்து 20-க்குத் தயாரானாள். 13-ஆம் தேதி பதினொன்றே காலுக்கு போன். “ஏன் இன்னும் வரலை?” அப்போது அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“என் இங்கிலீஷ் சரியில்ல பெரியம்மா, அதான்” என்று அன்று ராத்திரி அழுதாள். எனக்கு மனசு ஆறவில்லை. அவள் இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. அதையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இந்த ‘நெக்ஸ்ட்’டில் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறார்கள். முதலில் வருகிற வெள்ளி என்பார் ஒருவர், அடுத்த வாரத்து வெள்ளி என்பார் இன்னொருவர். ‘ஃபார்வர்டு’ என்ற சொல்லிலும் இதே கதைதான். ‘புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்டு ஃபார்வர்டு’ என்று சொல்லி, கூட்டம் எந்த நாள் என்று அமெரிக்காவில் மாணவர்களைக் கேட்டுப் பார்த்த ஆய்வு உண்டு. ஏறக்குறையப் பாதிப் பேர் திங்கள் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளி என்றார்கள்.

நம் பக்கத்துத் தடுமாற்றம் வேறு மாதிரி. ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்று மனசில் ஓடுவதை அப்படியே ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘டூ டேஸ் அகோ’ என்பதுதான் அங்கே வழக்கு. ‘ரெண்டு நாள் கழிச்சு’ வருகிறேன் என்பதற்கு ‘இன் டூ டேஸ்’. அதையே ‘விதின் டூ டேஸ்’ என்றால் ரெண்டு நாளைக்குள் என்று ஆகிவிடும். வெள்ளிக்குள் முடித்துத் தர வேண்டிய வேலைக்கு ‘பை ஃப்ரைடே’. வெள்ளி வரைக்கும் ஊரில் இருப்பேன் என்பதற்கு ‘டில் ஃப்ரைடே’. ‘க்குள்’, ‘வரைக்கும்’ இரண்டும் தமிழில் நமக்கு ஒருநாளும் குழம்பாது. அந்தத் தெளிவை இங்கிலீஷுக்கும் கொண்டுபோனால் போதும். ‘நாளன்னைக்கு’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அவர்களிடம் ‘ஓவர்மாரோ’ என்று ஒரு சொல் இருந்து, வழக்கொழிந்து போனது. இன்று ‘டே ஆஃப்டர் டுமாரோ’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எண்ணில் எழுதினால் தெளிவு வந்துவிடும் என்று நம்பியும் இருக்க முடியாது. மும்பைத் தாக்குதலை 26/11 என்கிறோம். நாள் முதலில், மாதம் பிறகு. நியூயார்க் கோபுரங்கள் விழுந்த நாளை உலகமே 9/11 என்கிறது; அங்கே மாதம் முதலில். 26 என்று ஒரு மாதம் கிடையாது, அதனால் முதலாவதில் குழப்பமில்லை. ஆனால் 03/04 என்று எழுதிப் பாருங்கள். சென்னையில் அது ஏப்ரல் 3, சிகாகோவில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தச் சங்கடமே கிடையாது.

என் தங்கை மகள் இப்போது யார் எப்படி எழுதினாலும் கிழமை, தேதி, மாதம், மணி எல்லாவற்றையும் போட்டுத் திருப்பிக் கேட்டுவிடுகிறாள். ஜூன் 30, திங்கட்கிழமை. வேறொரு இடத்திலிருந்து ‘நெக்ஸ்ட் வெட்னஸ்டே’ என்று வந்தது. ‘வெட்னஸ்டே, 9 ஜூலை, காலை 11 மணி, இந்திய நேரம். சரிதானே?’ என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: ‘இல்லை, நாளன்னைக்கு. 2 ஜூலை.’

எழுந்து போய் சுடிதாருக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.